'நைஸ்' என்னும் சொல்



தமிழ் வழங்கும் நிலத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழ்கின்ற நம் இல்லங்களில் நாள்தோறும் பலமுறை ஒலிக்கின்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று சிறிது பேசலாம் எனக் கருதுகிறோம். அது 'நைஸ்' என்னும் சொல். பெரிய சொல் அன்று, ஓரசைச் சொல். பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய முதல் வாரத்திலேயே குழந்தை கற்றுக்கொண்டு வந்துவிடும் சொல். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். சிறிய சொற்கள்தாம் பெரிய வேலைகளைச் செய்கின்றன; சில வேளைகளில் பெரிய இடர்களையும் விளைக்கின்றன. அத்தகைய இடர் ஒன்று நம் வாழ்விலேயே நேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் நாம் அனைவரும் அறிந்த ஒரு காட்சியைக் காண்போம். தில்லிக் கரோல்பாக்கிலோ, மும்பை மாதுங்காவிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியிலோ ஒரு தமிழர் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை. விருந்தினர் ஒருவர் வருகிறார். காபி கொடுக்கிறார்கள், "நைஸ்" என்கிறார். சிறுமி ஒரு கீர்த்தனை பாடுகிறாள். "வெரி நைஸ்" என்கிறார். சுவரில் தொங்கும் தஞ்சாவூர்ப் படத்தைப் பார்க்கிறார், "நைஸ்". மூத்த பெண்ணுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொல்கிறார்கள், அதற்கும் "நைஸ்". அவர் விடைபெற்றுச் சென்ற பிறகுதான் காபியில் சர்க்கரை போட மறந்துபோனது வீட்டம்மாவின் நினைவுக்கு வருகிறது. இப்போது அவருக்கு ஓர் ஐயம். சர்க்கரையில்லாத காபியும் நைஸ், மகளின் பாட்டும் நைஸ் என்றால், பாட்டு எப்படித்தான் இருந்தது?

இந்த ஐயம் நியாயமானதே. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதற்கும் சான்றாக நிற்பதில்லை.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்புத் தோன்றும். இலத்தீன் மொழியில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். 'சயன்ஸ்' என்று நாம் வழங்கும் சொல் அந்த வேரிலிருந்து வந்ததே. அதற்கு முன்னே மறுப்பைக் குறிக்கும் 'நெ' சேர்ந்து, 'நெஸ்கியுஸ்' என்றாயிற்று. அறியாதவன் என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறி 'நைஸ்' என்னும் வடிவத்தை அடைந்து, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. அப்போது அதற்குப் பேதை, மூடன் என்பதே பொருள். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் சாசர் ஒருவனை நைஸ் என்றால், அவனுக்கு அறிவு போதாது என்றே அக்காலத்தார் கொண்டிருப்பர். அறிவியலைக் குறிக்கும் சொல்லும், அறிவின்மையைக் குறித்த இந்தச் சொல்லும் ஒரு வேரில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது எவ்வளவு விந்தை!

சொற்கள் இவ்வாறு பொருள் மாறுவது நமக்குப் புதிதன்று. நாற்றம் என்றால் முற்காலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்வது. களிப்பு என்றால் முற்காலத்தில் கள்ளுண்டவனது மயக்க மகிழ்ச்சி. இன்று குழந்தையின் சிரிப்பில் காண்பதும் களிப்பே. முன்னது தாழ்ந்தது, பின்னது உயர்ந்தது. ஆங்கிலத்தில் நைஸ் உயர்ந்த சொற்களின் வரிசையைச் சேர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் 'சில்லி' என்னும் மற்றொரு சொல் ஏணியில் இறங்கி வந்தது. அது முதலில் பேறு பெற்றவன் என்னும் பொருளுடையதாயிருந்து, பிறகு கபடற்றவன், இரங்கத்தக்கவன் என்றெல்லாம் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் அசடன் என்றாகிவிட்டது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இரண்டும் வழியில் சந்தித்துக்கொண்டன போலும்!

நைஸ் ஏறிய ஏணியில் படிகள் பல. பேதை என்பதிலிருந்து நாணமுடையவன், கூச்சமுடையவன் என்றாயிற்று. கூச்சமுடையவன் எதிலும் குறை காண்பவன் ஆனான். உணவிலும் உடையிலும் 'இது ஆகாது, அது ஆகாது' என்று ஒதுக்குபவன் ஆனான். எதையும் நுணுகிப் பார்ப்பவனுக்கு நுட்பமும் புலப்படுமன்றோ? ஆகவே நுட்பம், துல்லியம் என்னும் பொருள்களும் பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தன. இடையில் அற்பமானது என்னும் பொருளும் சில காலம் வழங்கியது. 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தின் இறுதிப் பகுதியில், உயிரைக் காக்க வேண்டிய கடிதம் உரியவனிடம் போய்ச் சேரவில்லை என்று கேட்டுத் துறவி லாரன்ஸ் பதறுகிறார். அந்தக் கடிதம் நைஸ் அன்று என்று ஷேக்ஸ்பியர் அவர் வாயில் வைத்துச் சொல்கிறார். இன்றைய மாணவன் அதனைப் படித்து, 'கடிதம் நன்றாக எழுதப்படவில்லை போலும்' என்று எண்ணிவிடுவான். அது அற்பக் கடிதம் அன்று, உயிர்ப்பொருள் பொதிந்த கடிதம் என்பதே துறவியின் கலக்கம். ஒரு சொல்லின் பொருளைத் தவற விட்டால் ஒரு காட்சியின் துயரமே கைநழுவிப் போகிறது.

இனியது, உவப்பானது என்னும் இன்றைய பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. வேரூன்றியதும் வெள்ளம்போல் பரவிற்று. அதனைக் கண்டு நகைத்தவர்களில் முதன்மையானவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார். அவர் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' என்னும் நாவலில், பாத் நகரை அடுத்த குன்றின்மீது மூவர் உலாவச் செல்கிறார்கள். இளம்பெண் கேதரின் தான் விரும்பிப் படித்த கதைநூலை நைஸ் என்று புகழ்கிறாள். உடன்வந்த ஹென்றி விடுவதாயில்லை. நூல் நேர்த்தியானது என்கிறாளோ, அப்படியாயின் அது கட்டடம் செய்தவனைப் பொறுத்ததன்றோ என்று கேலி செய்கிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் என்றால் இச்சொல் எதற்குத்தான் உதவாது என்று வினவுகிறான். இங்கேதான் ஆசிரியையின் நயம் வெளிப்படுகிறது. ஹென்றியின் தங்கை எலியனர், அதே சொல்லைப் பழைய பொருளில் எடுத்து அண்ணன்மீது திருப்பிவிடுகிறாள். மிகையாகக் குறை பார்ப்பவன் என்னும் பொருளில் அது உனக்குத்தான் பொருந்தும் என்று சொல்லி அவன் வாயை அடைக்கிறாள். ஒரே காட்சியில் சொல்லின் புதுப்பொருளும் பழம்பொருளும் எதிரெதிரே நிற்கின்றன. 1926-இல் ஆங்கில வழக்குகளைப் பற்றிய அகராதி நூலை வெளியிட்ட ஃபௌலரும், இச்சொல் தன் தனித்தன்மையை இழந்துவிட்டதே என்று வருந்தினார்.

ஆயினும் பழம்பொருள்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. அவை சில சொற்றொடர்களில் ஒளிந்து வாழ்கின்றன. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இனிய வேறுபாடு அன்று, மயிரிழை போன்ற வேறுபாடு. 'டு எ நைஸிட்டி' என்றால் இம்மியும் பிசகாமல். 'நைஸிட்டீஸ்' என்றால் அவை நாகரிகத்தின் நுண்ணிய முறைமைகள். 'நைஸ் அண்ட் வார்ம்' என்னும்போது அது 'நன்றாக' என்று பொருள்பட்டு அடுத்த சொல்லுக்கு வலுவூட்டுகிறது. இதமான சூடு என்கிறோமே, அதுபோல. 'எ நைஸ் மெஸ்' என்றால் குழப்பம் இனிது என்பதன்று. "நல்ல வம்பில் மாட்டிவைத்தாயே!" என்று நாம் கூறுகிறோம் அல்லவா, அந்தக் குரல் அது. 'நைஸ் டு மீட் யூ' என்பது புகழ்ச்சியுமன்று, செய்தியுமன்று. கைகூப்புதலைப் போன்ற ஒரு வழக்கம், அவ்வளவே.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு நகரத்தில், ஓர் அலுவலகத்தில் நாம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஊரில் கற்ற ஆங்கிலம் கையிலிருந்தது. இந்தி இன்னும் நாவில் படியவில்லை. நம் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. கடைநிலைப் பணியாளர் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவி குடும்ப ஓய்வூதியம் கோரியிருந்தார். கணவரின் பணிக்காலத்தில் இடையே சில நாட்கள் முறிவு இருந்தது. அம்முறிவை மன்னித்துப் பணியைத் தொடர்ச்சியாகக் கொள்ளலாமா, கூடாதா என்பதே வினா. அதனை விளக்கி இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினோம். நாம் எழுதிய முதல் நீண்ட குறிப்பு அது. மறுநாள் கோப்புத் திரும்பி வந்தது. அவ்வினாவுக்கு நேரே ஓரத்தில், சிவப்பு மையில், 'எ நைஸ் பாயிண்ட்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்.

நம் உள்ளம் குளிர்ந்தது. முதல் குறிப்புக்கே பாராட்டு! அன்றிரவு ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதையும் எழுதினோம். அதிகாரிக்கு நம் குறிப்பு உவப்பாக இருக்கிறது, இனி ஆணை தாமே எழுதுவார் என்று எண்ணிக் கோப்பை அலமாரியில் வைத்துவிட்டோம். அங்கே அதிகாரியோ, நாம் விதிகளைப் புரட்டி விரிவாக எழுதி அனுப்புவோம் என்று காத்திருந்தார். அவரும் காத்திருந்தார், நாமும் காத்திருந்தோம். இருவருக்கும் இடையில் அந்தப் பெண்மணியும் காத்திருந்தார். ஐந்து மாதங்கள் கழிந்தன.

ஒருநாள் முற்பகலில் அவர் ஒரு சிறுவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தாழ்வாரத்துப் பலகையில் அமர்ந்தார். யாரையும் ஏசவில்லை. அமர்ந்திருந்தார். அவ்வளவுதான். அதிகாரி அவ்வழியே செல்லும்போது விசாரித்தார். பிறகு நம்மை அழைத்தார். கோப்பு எங்கே என்று கேட்டார். "ஐயா, தாங்கள்தாம் நைஸ் என்று எழுதியிருந்தீர்களே" என்றோம். அவர் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. சட்டத்தையும் விதியையும் பற்றிய எழுத்தில் அச்சொல் பாராட்டு அன்று என்று பொறுமையாக விளக்கினார். இரு தட்டும் ஏறக்குறைய சமமாக நிற்கும் தராசைப் போன்ற வினா இது. ஆகையால் நிறுத்துப் பார்த்து எழுதுக என்பதே அதன் கருத்து என்றார். அன்று மாலையே விதிநூல்களை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். முறிவை மன்னிக்க இடமிருந்தது. இரண்டு வாரத்தில் ஆணை பிறந்தது.

ஆணையின் படியை அப்பெண்மணியின் கையில் கொடுக்கும் பணியை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். காலத் தாழ்வுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இந்தியில் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். நாவு எழவில்லை. தாளை நீட்டினோம். அவர் அதை வாங்கி, படிக்கத் தெரியாதவராதலால் மகன் கையில் கொடுத்து, நம்மைப் பார்த்து, "அச்சா" என்றார்.

வடபுலத்தில் வாழும் நேயர்கள் அறிவீர்கள், அச்சா என்னும் சொல் எத்தனை பொருள் தரும் என்பதை. நல்லது என்பதும் அச்சா. சரி என்பதும் அச்சா. அப்படியா என்பதும் அச்சா. இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்பதும் அச்சா. அவர் சொன்னது எது? நிறைவா, ஏமாற்றமா, ஐந்து மாதம் அரைவயிறு உண்டவரின் களைப்பா? பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த ஒரு சொல்லை நாம் நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நைஸ் என்பதன் நுட்பப் பொருளை நமக்குக் கற்பித்த ஆசிரியர் அந்த அதிகாரி மட்டும் அல்லர்.

நேயர்களே, ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பொருள் பல என்று நாம் நகைப்பதற்கில்லை. நம் மொழியில் 'நல்ல' என்னும் சொல்லைப் பாருங்கள். நல்ல நாள் மங்கலமான நாள். நல்ல தண்ணீர் குடிப்பதற்குரிய தண்ணீர். நல்லெண்ணெய் எள்ளிலிருந்து எடுத்தது. குமரி மாவட்டத்தார் மிளகை நல்லமிளகு என்பர். நல்ல அடி என்றால் பலமான அடி. நல்ல வேளை என்றால் தப்பிப் பிழைத்தோம் என்பது. "நல்ல ஆளய்யா நீர்!" என்றால் அவர் நல்லவர் அல்லர் என்பது! இறுதியாக, நல்ல பாம்பு. தில்லியில் பிறந்து வளர்ந்த நம் அண்டை வீட்டுத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், பாட்டி சொன்ன கதையில் இப்பெயரைக் கேட்டுவிட்டு, தன் நண்பனிடம் அதனை 'நைஸ் ஸ்நேக்' என்று மொழிபெயர்த்தான். நைஸ் ஸ்நேக் கடிக்காது என்றும் தானே விளக்கமும் தந்தான். நாம் அனைவரும் சிரித்தோம். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "ஊருக்கு வரும்போது பிள்ளையைத் தோட்டத்துப் பக்கம் தனியே விடாதீர்கள்" என்றார்.

எல்லையைத் தாண்டினால் இன்னும் ஒரு வேடிக்கை. ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் வாழும் நேயர்கள் இதை நன்கு அறிவர். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. நல்ல புடவை வேண்டும் என்று கடையில் கேட்டால் கறுப்புப் புடவையை எடுத்துப் போடுவார்கள். ஐதராபாதில் அதே சொல்லைச் சற்றே நீட்டி 'நல்லா' என்றால் தண்ணீர்க் குழாய். நலமாக இருக்கிறீர்களா என்னும் பொருளில் "நல்லா?" என்று புன்னகையோடு கேட்டால், குழாயில் இன்று தண்ணீர் வரவில்லை என்று மறுமொழி கிடைத்தாலும் வியப்பில்லை.

நைஸ் தமிழுக்கும் குடிவந்திருக்கிறது; வந்த இடத்தில் தனக்கென ஒரு வாழ்வும் அமைத்துக்கொண்டிருக்கிறது. அரைக்கும் மாவு நைஸாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே அது இனிமையைக் குறிக்கவில்லை, மென்மையைக் குறிக்கிறது. கடன்காரனைக் கண்டு ஒருவர் நைஸாக நழுவுகிறார். அங்கே அது ஓசைப்படாமை. மேலாளரை நைஸ் பண்ணி விடுப்பு வாங்குகிறார் மற்றொருவர். அங்கே அது முகமன் கூறி வசப்படுத்துதல். இவை இன்றைய ஆங்கிலப் பொருளைவிட, நுண்மை, மென்மை என்னும் பழைய ஆங்கிலப் பொருளுக்கே அணுக்கமாக இருப்பது கருதத்தக்கது. ஆங்கிலேயன் தன் வீட்டில் மறந்துபோன பொருளை நம் வீட்டு ஆட்டுக்கல்லில் தேடி எடுக்கலாம் போலும்!

ஆகையால் இச்சொல்லை வெறுத்து விலக்குக என்பது நம் கருத்தன்று. சொல்லில் குற்றமில்லை. அதனை மட்டுமே சொல்லி மற்றச் சொற்களை மறந்துவிடுவதில்தான் இழப்பு இருக்கிறது. பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. மூன்றிலும் வல்லவராகும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. அது பெரும் பேறு. ஆனால் வீட்டு மொழியில் அவர்கள் கேட்கும் சொற்கள் நம் வாயிலிருந்து வருபவை மட்டுமே. ஊரில் கடைத்தெருவும் கோயிலும் வயலும் தரும் சொற்களை இங்கே தருவதற்கு வேறு எவரும் இல்லை. நாம் சொல்லாத சொல் அவர்களுக்கு இல்லாத சொல்லாகிவிடும்.

எனவே ஒரு சிறு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். குழந்தை நைஸ் என்று சொல்லும்போது தடுக்க வேண்டாம். எப்படி நைஸ் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ரசம் நைஸ் என்றால், மணமாக இருக்கிறதா, உறைப்பு அளவாக இருக்கிறதா? அரிசி நைஸ் என்றால், அது சன்னமா? பாட்டு நைஸ் என்றால், சுருதி சேர்ந்திருந்ததா, உருக்கமாக இருந்ததா? வீடு நைஸ் என்றால், விசாலமானதா, காற்றோட்டம் உடையதா? ஆசிரியை நைஸ் என்றால், அன்பானவரா, பொறுமையுள்ளவரா, நேர்மையானவரா? ஒவ்வொரு விடையிலும் ஒரு தமிழ்ச் சொல் குழந்தையின் நாவில் குடியேறும். அதனோடு, உற்றுப் பார்க்கும் பழக்கமும் உடன் வரும். காபியில் சர்க்கரை இல்லை என்று விருந்தினர் ஒருவர் அன்போடு சொல்லிவிட்டால், மகளின் பாட்டைப் பற்றி அவர் கூறிய புகழ்ச்சியையும் அந்த வீட்டார் நம்பலாம் அல்லவா?

நாமும் ஒன்றை நினைவில் வைப்போம். பிறர் சொல்லும் சிறு சொல்லை நமக்கு இனிக்கும் பொருளில் எடுத்துக்கொண்டு உடனே அலமாரியைப் பூட்டிவிடலாகாது. ஐயமிருந்தால் கேட்டுவிடுவது நன்று. கேட்பதில் நமக்குக் கூச்சம் ஐந்து நிமிடம். கேளாமல் விட்டால் தாழ்வாரத்துப் பலகையில் யாரோ ஒருவர் ஐந்து மாதம் காத்திருக்க நேரும்.

நேயர்களே, இப்பேச்சை நைஸ் என்று சொல்லிவிடாதீர்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வீட்டில் ஒருவருக்கொருவர் நல்ல தமிழில் பேசிக்கொள்ளுங்கள். அதுவே எமக்குப் போதும்.